எந்தத் தண்ணி?

சுற்றுலாக் கப்பலில் புது விதி போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து சரக்கு கொண்டுவரக் கூடாது. பிடிபட்டால் பயணமே ரத்து.

"எதுக்குங்க இந்த வம்பு?" என்றாள் மனைவி, சோதனை வரிசையில் நின்றபடி.

"வீட்டுல விட்டுட்டு வந்தா உன் தம்பி விட்டு வைப்பானா? போன வாரமே பாதி பாட்டில் காலி. கேட்டா, தெரியவே தெரியாதுன்னு சாதிக்கிறான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வோட்காவைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அவள் கைப்பையில் வைத்தது நான்தான். பெண்கள் பையைக் கிளற மாட்டார்கள் என்று ஒரு நப்பாசை.

கிளறினார்கள்.

"இது என்னம்மா?" அதிகாரி பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார்.

"தண்ணிங்க."

"எந்தத் தண்ணி?"

வரிசையில் சிரிப்பு. எங்களுக்கு முன்னால் நின்றவரை அப்போதுதான் பெட்டியோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"குடிக்கிற தண்ணிதாங்க."

"அப்போ குடிச்சுக் காட்டுங்க."

போச்சு! வாடை அடித்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவள். உண்மையைச் சொல்லிவிட நான் வாயைத் திறப்பதற்குள், மூடியைத் திருகி மடமடவென்று குடித்தாள். முகம்கூடச் சுளிக்கவில்லை.

"சரி, போங்க."

அறைக்குள் நுழைந்ததும் கத்தினேன். "எல்லாத்தையும் கொட்டிட்டு பச்சத் தண்ணிய ரொப்பிட்டியா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எனக்கு உசுரே போயிடுச்சு!"

எரிச்சலோடு பாட்டிலைப் பிடுங்கி வாயில் கவிழ்த்தேன்.

தொண்டை பற்றி எரிந்தது. புரையேறி, கண்ணில் நீர் முட்ட இருமினேன்.

அவள் என் தலையைத் தட்டினாள்.

"மெதுவா குடிங்க... இனிமே என் தம்பியத் திட்டாதீங்க, பாவம்."