படம் போட்டவன்

போட்டோகிராபர் கில்பர்ட்டின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குள் நுழைந்தார் உத்தமன். ஸ்ரீராம்புரத்தில் பெரிய மனிதர் என்று அவருக்கு ஒரு நினைப்பு. போலீஸ் ஸ்டேஷனுக்குக்கூடக் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு வருகிற ஆள்.

"உங்க பொண்ணு ரக்ஷிதாவோட சடங்கு வீடியோ நெட்ல வந்த விஷயமா கம்ப்ளைண்ட். உடனே வாங்க" என்று காலையில் போன் வந்திருந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. நேரே கில்பர்ட்டின் ஸ்டூடியோவுக்குத்தான் ஓடினார்.

"இவன்தான் மேடம்! மஞ்சத் தண்ணி ஊத்தினதை கேமராவுல எடுத்தவன் இவன் ஒருத்தன்தான். புடிச்சு உள்ள போடுங்க!"

"அண்ணே, நான் எல்லாத்தையும் காப்பி பண்ணி உங்ககிட்ட…"

"கம்முனு இர்ரா, பொறுக்கி!"

பெண் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்துக் கன்னடத்தில் அதட்டினார். "சும்னே இரி, உத்தமன். சத்தம் போடாதீங்க. மொதல்ல அவரை விடுங்க. உக்காருங்க."

மூலையில் அல்போன்சா டீச்சரின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் ரக்ஷிதா. அந்த வீடியோ வந்ததிலிருந்து குழந்தைக்கு நிம்மதி போயிற்று. கீழே எவனெவனோ அசிங்கமாக எழுதியிருந்தான். போன வாரம் முன்பின் தெரியாத ஒருவன் ஸ்கூல் கேட்டிலேயே நின்று, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி "பாப்பு" என்று அழைத்திருக்கிறான். அன்றைக்கு ஸ்கூலை விட்டு ஓடி வந்தவள், பிறகு போகவே இல்லை.

அப்பாவைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், வெட்கப்படுகிறாள் என்று உத்தமன் நினைத்துக்கொண்டார்.

"கம்ப்ளைண்ட் குடுத்தது யாரு மேடம்?"

"உங்க பொண்ணுதான். நெட்ல தொந்தரவுன்னா மறைக்காம சொல்லணும்னு டீச்சர் கிளாஸ் எடுத்தாங்களாம். அவங்ககிட்ட சொல்லியிருக்கா. அவங்க குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098-க்கு போன் பண்ணாங்க."

"எம் பொண்ணு மேடம்! புலிக்குட்டி!"

அந்த வகுப்புக்குப் பெற்றோர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். "போனைப் பத்தி எனக்கே பாடமா?" என்று சிரித்துவிட்டுப் போகாமல் இருந்தவர் இந்த மகானுபாவர்தான். அதெல்லாம் இப்போது ஞாபகம் வருமா என்ன?

"வீடியோவை எடுத்துடுங்கன்னு அந்த ஆளுகிட்ட அழுதிருக்கா. அவர் சிரிச்சாராம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பச்சப் புள்ள அழுவுறதைப் பாத்துச் சிரிச்சானா? அவன்லாம் மனுசனா மேடம்? அவனுக்கும் ஒரு பொண்ணு இருந்தாத்தான் தெரியும்!"

"இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

கில்பர்ட்டுக்கு ஒரு மகள் இருப்பது தெருவுக்கே தெரியும். உத்தமன் பல்லைக் கடித்தார். கில்பர்ட் பரிதாபமாக விழித்தான்.

இதற்குமேல் பொறுக்க முடியாமல் உத்தமன் போனை எடுத்து லைவ் போட்டார். ஆத்திரத்திலும் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொள்ள மறக்கவில்லை.

"வணக்கம் சொந்தங்களே! எம் பொண்ணுக்கு நடந்த அநியாயத்தைப் பாருங்க" என்று கேமராவை மகள் பக்கம் திருப்பினார். ரக்ஷிதா டீச்சரின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து குழந்தையை மறைத்தபடி நின்றார். உத்தமன் அசராமல் போனைத் தன் முகத்துக்கே திருப்பிக்கொண்டார்.

"அந்த வீடியோவைப் போட்டது எந்த அக்கவுண்ட்னு கண்டுபுடிச்சாச்சா மேடம்?"

"ஆச்சு. கம்ப்யூட்டர்ல அதைத்தான் தொறந்து வெச்சிருக்கேன்."

"அப்போ காட்டுங்க! அந்த நாய் மூஞ்சியை ஊரே பாக்கட்டும்!"

இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

அதில் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, லைவில் கத்திக்கொண்டிருந்தார் உத்தமன்.