பின்னால் ஒரு கண்

“முன்னாடி தெரிஞ்சா போதாதா? முதுகுப் பக்கத்த எவன் பாக்கப் போறான்?” என்றார் செல்லக்கண்ணு.

எனக்குச் சுருக்கென்றது. லத்தா தெருவில் இத்தனை வருஷமாகக் கேமரா விற்கிற இந்த லத்தீபாவுக்கே பாடமா?

வாங்க வந்தது அவரல்ல; அவர் மனைவியின் தம்பி சிவராஜ். லைங் தாயா தொழிற்பேட்டையில் இருவருக்கும் கூட்டுத் தொழில். விடுமுறை கிடைத்தால் இருவரும் கடலுக்குப் போவார்கள். ரப்பர் விசையில் ஈட்டி பாய்கிற துப்பாக்கியோடு முங்கி மீன் வேட்டை. அதைப் படம் பிடிக்கத்தான் கேமரா.

மேசையில் இரண்டு வைத்திருந்தேன். ஒன்று நெற்றியில் பட்டை போட்டுக் கட்டுவது, எதிரே இருப்பதை மட்டும் எடுக்கும். மற்றது தலைக்கு மேல் சின்னக் கம்பியில் நிற்கும். அதற்கு முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண்.

பின்னால் கண் இருக்கும் சங்கதியை அப்போதுதான் செல்லக்கண்ணுவிடம் சொல்லியிருந்தேன். போன வாரம் அதைத்தான் சிவராஜிடம் கொடுத்து, “கடல்ல போட்டுப் பாத்துட்டு வாங்க தம்பி, பிடிச்சா பேசிக்கலாம்” என்று அனுப்பியிருந்தேன்.

“அன்னைக்கு எடுத்தது இன்னும் இதுலயா இருக்கு?” என்று கேட்டார் செல்லக்கண்ணு.

“இல்லாம எங்க போகும் அண்ணே? இருங்க, காட்டுறேன். அப்புறம் நீங்களே இதுதான் வேணும்பீங்க.”

என் பக்கம் திரும்பியிருந்த திரையில் படத்தை ஓடவிட்டேன். வெளியே ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. சிவராஜ் மேசையிலிருந்த நெற்றிப் பட்டையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

பச்சைத் தண்ணீர். பாறை. அதன் ஓரத்தில் ஒரு கலவா மீன்.

“அமலே! அம்மாடி, எம்மாம் பெரிசு!” என்று கூவினேன்.

சரி, இனி பின்பக்கத்தின் அருமையைக் காட்டுவோம் என்று படத்தை விரலால் திருப்பினேன். செல்லக்கண்ணு வந்தார். சிவராஜின் பின்னாலேயே, ஈட்டியை நீட்டிப் பிடித்தபடி. மச்சானும் மீனுக்குத்தான் குறி வைக்கிறார் என்று நினைத்தேன்.

மீன் வலப்பக்கம் ஓடி மறைந்தது. சிவராஜ் அதை விட்டுவிட்டு இடப்பக்கம் நீந்தினார்.

ஈட்டி முனையும் இடப்பக்கம் திரும்பியது.

சிவராஜ் கீழே இறங்கினார். அதுவும் இறங்கியது. அவருடைய பிடரியை விட்டு அது விலகவே இல்லை. விசையில் விரல் இருந்தது.

மேலே ஒரு படகின் நிழல் வந்தது. செல்லக்கண்ணு சட்டென்று ஈட்டியைத் தாழ்த்திக்கொண்டு, மேலே பார்த்துக் கையசைத்தார்.

யா அல்லாஹ்! பெண் கொடுத்த வீட்டுப் பிள்ளையையா? இந்த அப்பாவிக்குத் தெரியாதே, மறுபடியும் இந்த ஆளோடு கடலுக்குப் போகத்தானே கேமரா வாங்க வந்திருக்கிறது!

நிமிர்ந்தேன். செல்லக்கண்ணு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் ஓர் உயிராயிற்றே.

“தம்பி...” திரையை மெல்ல அவர் பக்கம் திருப்பினேன். “இதக் கொஞ்சம் பாருங்க தம்பி.”

சிவராஜ் திரையின் பக்கம் திரும்பவில்லை.

“வீட்டுலயே பாத்துட்டேங்க்கா. நீங்க அத அழிச்சிடுங்க.”

செல்லக்கண்ணு ஓரடி பின்வாங்கினார். கண்ணாடி அலமாரி முதுகில் முட்டியது.

சிவராஜ் மேசையிலிருந்து நெற்றிக் கேமராவை எடுத்தார். எதிரே இருப்பதை மட்டும் எடுப்பதை.

“மச்சான் சொல்றதுதான் சரி. முன்னாடி தெரிஞ்சா போதும்.”

அதைச் செல்லக்கண்ணுவின் நெற்றியில் வைத்தார். பட்டையைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோய் நிதானமாக இறுக்கினார்.

“இந்த வாட்டி நீங்க முன்னாடி நீந்துங்க மச்சான். நான் பின்னாடி வர்றேன்.”