கொசுத் தொல்லை

"மாமா, தூங்கிட்டீங்களா?"

"செத்துட்டேன், போ."

"செத்தவங்க பதில் சொல்ல மாட்டாங்க. கண்ணைத் தொறங்க."

கொத்தனார் கண்ணைத் திறந்தார். திறந்தாலும் மூடினாலும் அதே இருட்டுதான். காலையில் தலைக்கு மேலே இருந்த மாடித் தளம் இப்போது துண்டு துண்டாக அவர் மேலேயே கிடந்தது. இடது கால் எதற்கடியிலோ மாட்டியிருந்தது. தலையில் அடிபட்டு ரத்தம் காதோரம் பிசுபிசுத்தது. அந்தக் காதுக்குப் பக்கத்தில் உடையாமல் நீட்டிக்கொண்டிருந்த ஒயரிங் பைப் வழியாகத்தான் மைத்துனனின் குரல் வந்துகொண்டிருந்தது.

பைப்பைப் பதித்தவனும் அவனேதான். மனைவியின் தம்பி. கட்டடத்தில் எல்லோரும் அவனைக் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். மெயினை அணைச்சியா, காலுக்குச் செருப்புப் போட்டியா, இந்தச் சாரத்தைக் கட்டினது யாரு என்று நாள் முழுக்கக் காதுக்குள்ளேயே பாடுவான்.

"நீ எங்கடா இருக்க?"

"வெளியிலதான் மாமா, பைப்போட இந்த முனையில. சரியும்போது நான் ஒயர் எடுக்க வேன்கிட்ட போயிருந்தேன். தீயணைப்புக்காரங்க பக்கத்துலதான் நிக்கிறாங்க. தலையில அடிபட்டவரைத் தூங்க விடாதேன்னு சொல்றாங்க. தூங்கினா அவ்வளவுதானாம்."

"கிரேன் வருதா?"

"வந்துக்கிட்டே இருக்கு. உங்களுக்கு டீகூட வாங்கி வச்சேன். ஆறிப்போச்சு."

கொத்தனாருக்குத் தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக் கம்புகள் நினைவுக்கு வந்தன. "அந்த முட்டுக் கம்புங்களை இப்பப் பிரிக்காதீங்க மாமா, தளம் இன்னும் இறுகல" என்று நேற்று முழுக்க அவன்தான் பின்னாலேயே சுற்றினான். மேஸ்திரி ஒரு பக்கம் விரட்டினார், இவன் ஒரு பக்கம் அரித்தான். அந்த எரிச்சலில், இவன் வாயை அடைக்கவென்றே, முதல் கம்பை இன்று காலையில் கொத்தனார் தன் கையாலேயே உருவினார்.

அவனாவது தப்பித்தானே என்று நினைத்துக்கொண்டார். அவனுக்கு ஒன்று ஆகியிருந்தால் மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது?

கண் மறுபடி சொக்கியது.

"மாமா!"

"ஒரு நிமிஷம் விடேன்டா. பெரிய தொல்லையாப் போச்சு உன்னோட."

"தொல்லையா? சரி, அதுக்கு வேற வார்த்தை சொல்லுங்க. நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. யார் முதல்ல வாயை மூடுறாங்களோ அவங்க தோத்தாங்க."

"விளையாடுற நேரமாடா இது?"

"தோத்துட்டேன்னு ஒத்துக்குங்க, விட்டுடறேன்."

கொத்தனார் யாரிடமும் தோற்றதாக ஒத்துக்கொண்டவர் இல்லை. "தொந்தரவு."

"உபத்திரவம்."

"இம்சை. உன்னைப் பார்த்துத்தான் அந்த வார்த்தையையே கண்டுபிடிச்சிருப்பாங்க."

"நச்சரிப்பு."

"குடைச்சல்."

"அது மூட்டுவலி மாமா. செல்லாது."

"உன் பேச்சைக் கேட்டா மூட்டும் சேர்ந்துதான் குடையுது. செல்லும்."

பைப்புக்குள் சிரிப்பு வந்தது. பின்னாலேயே நீளமாக இருமல்.

"என்னடா இருமுற?"

"தூசி மாமா. மண்ணை அள்ளுறாங்கல்ல. என் முறையா? தொண... தொணப்பு."

"பிக்கல்."

"பிடுங்கல். ரெண்டும் ஒண்ணாத்தானே வரும்."

"ஏன்டா இழுத்து இழுத்துப் பேசுற?"

"நாலு பேர் இங்க ஒண்ணு கேக்கறாங்க, நீங்க ஒண்ணு கேக்கறீங்க. எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்றது?"

கொத்தனார் பைப்பின் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "மாப்ள, நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும்டா" என்றார்.

"அதை வெளியில வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இப்ப உங்க முறை. தூங்காதீங்க மாமா... எது வந்தாலும் தூங்காதீங்க."

"ரோதனை."

பதில் வரவில்லை.

"டேய், ரோதனைன்னு சொன்னேன். உன் முறை."

பைப் சும்மா இருந்தது. கிரேன் வந்திருக்கும், அதை எங்கே நிறுத்துவது என்று யார் உயிரையாவது வாங்கப் போயிருப்பான் என்று கொத்தனார் நினைத்தார். இருட்டிலேயே சிரிப்பு வந்தது.

"தோத்துட்டடா கொசு!"

அவன் வரும்வரை தூங்கக் கூடாது. எல்லா வார்த்தைகளையும் முதலிலிருந்து உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். தொல்லை, தொந்தரவு, உபத்திரவம், இம்சை. தொண்டை வறண்டு, குரல் கம்மும்வரை சொன்னார்.

தலைக்கு மேல் ஒரு கல் நகர்ந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"ஆள் இருக்காரு, உயிரோட இருக்காரு!" தீயணைப்புக்காரர் ஒருவர் கையை உள்ளே விட்டு அவர் தோளைப் பிடித்தார். "நல்லவேளை, சத்தம் போட்டுக்கிட்டே இருந்தீங்க. இல்லேன்னா இந்தப் பக்கம் வந்திருக்கவே மாட்டோம்."

"ஏன், என் மைத்துனன் இடத்தைக் காட்டலையா? உங்க பக்கத்துலதானே நின்னான்? அவனைக் கூப்பிடுங்க. தோத்துட்டான்னு சொல்லணும்."

"எங்க பக்கத்துலயா? நாங்க வந்து இறங்கினதே இப்பதாங்க. வெளியில ஒருத்தரும் இல்லையே."

"இந்தப் பைப்போட அந்த முனையில உக்காந்துக்கிட்டு இவ்வளவு நேரமா என்னோட பேசிக்கிட்டிருந்தான்."

தீயணைப்புக்காரர் டார்ச்சை அடித்து, பைப் போன வழியே மண்ணை விலக்கிக்கொண்டே போனார். அது தெருப்பக்கம் திரும்பவே இல்லை. கொத்தனாரின் முதுகுக்கடியில் வளைந்து, நசுங்கிக் கிடந்த கீழறைக்குள் இறங்கியது.