ஊருக்கு ஒரே கயிறு

வெள்ளம் வடிந்த சேற்றில் வானம் அப்படியே கிடந்தது. மேகத்தின் மேல் கால் வைத்து நடப்பதுபோலிருந்தது தவமணிக்கு. பிழைத்த கொஞ்சம் பேரும் வெள்ளத்தின்போது இடுப்போடு இடுப்பாகக் கட்டிக்கொண்டு ஒரே மரத்தில் தொங்கிய கயிற்றால்தான் இப்போது புது ஊருக்கு அளவெடுத்தார்கள். ஒரு நுனி மேலத்தெரு வைத்தியலிங்கத்திடம், மறுநுனி அவளிடம். கோயில் வந்தது, குளம் வந்தது, தெருக்கள் வந்தன. எல்லாம் வெறும் கோடுகள்.

“இன்னும் தள்ளிப் போ தாயி. ஓடைக்கு அங்கிட்டு.”

“அங்கிட்டு என்னண்ணே?”

“உங்க தெரு.”

“எங்க ஆளுகள்ல நான் ஒருத்திதானண்ணே மிச்சம்.”

“இருக்கட்டுமே. ஊருன்னா முறைன்னு ஒண்ணு வேணாமா?” அக்கறையாகத்தான் சொன்னார். நேற்றுவரை அவர் உயிர் இவள் இடுப்பு முடிச்சில் தொங்கியது.

தவமணி ஓடையில் இறங்கி அந்தக் கரையில் ஏறினாள்.

“போதும், நில்லு.”

அவள் நிற்கவில்லை. கயிறு விறைத்து, அவர் உள்ளங்கையை உரசிக்கொண்டு நழுவியது.

“ஏ புள்ள, ஊருக்கே அது ஒண்ணுதான் இருக்கு.”

“தெரியும்ணே,” என்றாள், திரும்பாமல்.

சேற்று வானத்தில் வளைந்து வளைந்து கோடு கிழித்தபடி கயிறு அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.