வாய்க்காரி

"அவ வீட்டுக்கா? போகாதீங்க! அங்க மனுசன் தங்குவானா?"

படகுத்துறையில் பெரினா அக்கா தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் இப்படிக் கத்தியதும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து கப்பல் வந்தால் எங்கள் தீவுப் பெண்கள் எல்லோரும் 'அறை உண்டு' என்று எழுதின அட்டையோடு துறையில் நிற்போம். இறங்குகிற சுற்றுலாக்காரர்களைத் தங்க வரச்சொல்லிக் கூவிக் கூப்பிட வேண்டும். எனக்கு அது வராது. இடுப்பில் பிள்ளை, கையில் அட்டை, தலை கீழே. அவ்வளவுதான்.

அன்றைக்கு வயதான ஜெர்மன்கார ஜோடி ஒன்று என் அட்டையைப் பார்த்ததுதான் தாமதம், பெரினா அக்கா குறுக்கே வந்துவிட்டாள்.

"இந்த விங்கா வீடு ஊர்க்கோடி! பாட்டு கிடையாது, கூத்து கிடையாது. ராத்திரி நாய்கூடக் குரைக்காது. பொழுது போகாமலே செத்துப் போவீங்க! என் வீட்டுக்கு வாங்க. கீழேயே பார், விடிய விடிய ஆட்டம்!"

அந்த அம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் நடந்தார். கடவுள் புண்ணியம்.

வீட்டுக்கு வந்து என் புருஷன் ஷிமேயிடம் அழுதேன்.

"அவளுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? வர்றவங்ககிட்டல்லாம் நம்ம வீட்டை இப்படிப் பேசறா."

"நீயும் நாலு கேள்வி கேளேன்."

"எனக்கு எங்க வாய் வருது?"

மாடி அறை காலியாகக் கிடந்தால் பனிக்காலத்தில் ஷிமே கட்டட வேலைக்கு வெளிநாடு போக வேண்டும். போன தடவை அவர் திரும்பி வந்தபோது, யாரோ என்று பிள்ளை வீறிட்டு அழுதது. மனுசர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜெர்மன்காரர்கள் கிளம்புகிற அன்று, பெரினா அக்காவைக் கேட்டே விடுவது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு துறைக்குப் போனேன். ஆளைக் காணோம். படியில் வழுக்கிக் கால் சுளுக்காம்.

அப்பாடா என்றிருந்தது. இன்றைக்காவது என் வீட்டைக் கரித்துக்கொட்ட ஆள் இல்லை.

கப்பல் வந்தது.

"அமைதியான அறை!" "எங்க வீடுதான் அமைதி!" "வாங்க, ரொம்ப அமைதி!"

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தின கத்தலில் பிள்ளை பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இறங்கினவர்கள் யார் யாரோடோ போனார்கள். என்னை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கப்பல் ஏறப் போன ஜெர்மன்கார அம்மா நின்றாள்.

"அன்னிக்குச் சத்தம் போட்டாங்களே, அவங்க எங்க?"

"கால்ல அடி."

"அடடா! போன ஊர்லல்லாம் 'அமைதியான இடம்'னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. ராத்திரியானா ஜன்னலுக்குக் கீழே டமடமன்னு பாட்டு. உங்க வீட்டை அவங்க திட்டினாங்க பாருங்க, அப்பத்தான் எங்களுக்கு நம்பிக்கை வந்துச்சு."

கப்பல் போன பிறகும் அட்டையைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

மத்தியானம் மீன் சூப் வைத்து எடுத்துக்கொண்டு பெரினா அக்கா வீட்டுக்குப் போனேன். தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள்.

"என்னடி, இன்னிக்கு ஆள் கிடைச்சுதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"வாயத் திறந்து கூப்பிட்டியா?"

சூப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன்.

"ஊமைக்கோட்டான்! உன் ஒருத்திக்காக நான் எத்தனை நாள்தான் தொண்டை வறளக் கத்துறது?"

சூப்பை நீட்டினேன். அவளிடம் முதல் தடவையாக எனக்கு வாய் வந்தது.

"குடிங்கக்கா. சீக்கிரம் எழுந்து வந்து என் வீட்டைத் திட்டுங்க."