மூன்றாவது படிவம்

மேசையின் மேல் மூன்று படிவங்கள். அவள் கைகளை மடியிலேயே வைத்திருந்தாள்.

நிலம் விற்ற பணம் வங்கியில் இருந்தது. தாய்வீடு தந்த நிலம். அவள் பெயரில் இருந்த ஒரே உடைமை.

சாதியை மீறி மணந்து, ஒளிய இடமின்றி ஓடும் இணையருக்கு ஓர் அறை, ஒரு வழக்கறிஞர், ஒரு மாதச் சோறு. அதற்காகத்தான் ஊர் நல அறக்கட்டளையின் படிகளில் ஏறி வந்தாள்.

மகனிடம், முதியோருக்கு அன்னதானம் என்று சொல்லியிருந்தாள்.

எந்த வகை நிதி? அதை இன்று எழுதித் தந்தாக வேண்டும்.

முதல் படிவம், பொது நிதி. கொடுத்தவர் விலகிக்கொள்ளலாம். எதற்குச் செலவிடுவது என்பதை அறங்காவலர் குழு முடிவு செய்யும்.

குழுவினர் சுவரில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், சட்டமிட்ட படங்களுக்குள்.

வேற்றுச் சாதிக்காரனை மணந்த மகள் சுகந்தியின் உடலை எடுத்த அன்று, இதே முகங்கள் அவள் வாசலில் நின்றன. மகனின் தோளைத் தட்டின. கொலைக்கு மானம் என்று பெயர் சூட்டிய வாய்கள்! அந்த வாய்களிடமா இந்தச் சோற்றை ஒப்படைப்பது?

முதல் படிவத்தை ஒதுக்கினாள்.

இரண்டாவது, ஆலோசனை நிதி. உயிரோடு இருக்கும்வரை அவள் சொன்னபடி செலவாகும். அவளுக்குப் பின் அந்த உரிமை வாரிசுக்கு.

வாரிசு ஒருவன்தான் மிச்சம்.

கைபேசி அதிர்ந்தது. கீழே காரில் காத்திருந்தான் அந்த ஒருவன். படிவங்களை வீட்டிலேயே படித்துப் பார்த்திருந்தான்.

“ஏம்மா, அங்கயே குடித்தனம் வச்சுட்டியா? ரெண்டாவது படிவந்தான். வாரிசுன்னு எம் பேரத் தெளிவா எழுதோணும். நான் மேல வரட்டா?”

“வேண்டாஞ் சாமி. இதோ முடிஞ்சுது.”

சாமி என்றே சொன்னாள். பழகிய நாக்கு. பயந்த நாக்கு.

எதிரே இருந்த எழுத்தர் மரகதவல்லி மூன்றாவது படிவத்தை மெல்ல முன்னே நகர்த்தினாள்.

“இது குறிநோக்கு நிதிங்கம்மா. ஒருக்கா எழுதிட்டா நோக்கத்த யாரும் மாத்த முடியாது. வாரிசா இருந்தாலுஞ் சரி, குழுவா இருந்தாலுஞ் சரி. ஆனா, எதுக்காகக் குடுக்கறீங்கன்னு காரணத்த உங்க கையால எழுதோணும். ஆண்டு விழாவுல நீங்களே மேடையேறி அதப் படிக்கோணும். படிச்சாத்தான் செல்லும். இங்க அப்பிடித்தானுங்க வழக்கம்.”

பிறகு, அவள் முகத்தைப் பார்த்து, சிரிக்கவைக்க முயன்றாள்.

“போன வருசம் ஒரு அய்யன் மாட்டாஸ்பத்திரிக்குக் குடுத்துட்டு, செத்துப்போன எருமையப் பத்தி அரை மணி நேரம் படிச்சாருங்க.”

சிரிப்பு வரவில்லை.

ஆண்டு விழாவில் ஊரே இருக்கும். முன்வரிசையில் அந்தக் குழு. அவர்கள் நடுவில் மகன்.

மகளுக்கு நேர்ந்தது தாய்க்கு நேராது என்று எந்தச் சட்டம் உறுதி சொல்லும்?

இரண்டாவது படிவத்தில் விரலை வைத்தாள். எடுத்தாள். மீண்டும் வைத்தாள்.

அவள் கண்ணை மூடியதும் அந்தப் பணத்தை அவன் எதற்குச் செலவிடுவான்? ஓடுகிறவர்களுக்கா? துரத்துகிறவர்களுக்கா?

மூன்றாவதை இழுத்தாள்.

நோக்கம் என்ற கட்டத்தை நிரப்பினாள். எழுத்து கோணலாக வந்தது. வரட்டும்.

அடுத்த கட்டம், காரணம்.

சுகந்தியின் கொலை வழக்கில், நீதிமன்றக் கூண்டில் ஒரே ஒரு கேள்விதான் அவளிடம் கேட்டார்கள். எதையும் பார்க்கவில்லை என்றாள். மகன் விடுதலையானான். நீதி தானாக ஊமையாகவில்லை. அவள் ஊமையாக்கினாள்.

கீழே கார்க் கதவு சாத்தப்படும் ஓசை.

பேனாவை அழுத்திப் பிடித்தாள்.

‘அன்று கொல்லைக் கதவருகே நான் நின்றிருந்தேன்.’

படிக்கட்டில் செருப்பொலி. நிதானமாக, ஒவ்வொரு படியாக.

கட்டத்தில் இன்னும் மூன்று வரிகளுக்கே இடம் இருந்தது.

“கண்ணு,” என்றாள் மரகதவல்லியிடம், தலை நிமிராமல். “இந்த எடம் பத்தாது. இன்னொரு தாள் குடு.”