பதினேழாம் குழாய்

"இன்னைக்கும் ரிசல்ட் வரலையா?"

லோஷினி கேட்டாள். ஜோனதன் கணினியைவிட்டுத் திரும்பவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் குடு லா."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. கம்ப்யூட்டர் தூங்குதா, இல்ல நீ தூங்குறியா?"

"ரெண்டு பேரும் முழிச்சுத்தான் இருக்கோம்."

மலேசியாவின் லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்தில் உள்ள அந்தப் பயிர் ஆய்வுக்கூடத்தில் இருவரும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். கதிர்வீச்சு பட்ட விதைகளிலிருந்து மிளகாய்ச் செடிகளை வளர்ப்பது அவள். அந்தச் செடிகளின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிப்பது அவன். ஆயிரக்கணக்கான செடிகளில் ஏதாவது ஒன்றிலாவது, வைரஸுக்கு வழிவிடும் மரபணு கெட்டுப்போயிருக்க வேண்டும். அப்படி ஒரு செடி கிடைத்தால் நோய் தாங்கும் மிளகாய் கிடைத்த மாதிரி.

லோஷினிக்கு நெதர்லாந்தும் கிடைத்த மாதிரி. மாதக் கடைசிக்குள் அந்தச் செடியைக் காட்டினால் மேற்படிப்புக்கு இடம். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். ஜொகூர் பாருவில் மலிவாகப் போட்டார்கள் என்று குளிர்கோட்டுகூட வாங்கி வைத்துவிட்டாள். இந்தப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜோனதனின் ஆசை வேறு. அதை ஒரே ஒரு முறைதான் வெளியே விட்டான். போன மாதம், கேன்டீனில், தே தாரேக் டீ ஆறிக்கொண்டிருந்தபோது.

"போகாம இருக்க முடியாதா, லோஷி?"

அவள் சிரித்து மழுப்பினாள். மனசுக்குள் ஏதோ தடுக்கியது, அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் ரிசல்ட் தாமதமாக ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை செடிகளைப் பார்க்க வந்தவள், வலைக்கூடாரத்துக்குள் அவனைக் கண்டாள். சர்ச் பூசைக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையோடு, காலில் சேறு அப்ப, இலை கிள்ளிக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் இலையா? எல்லாச் செடியிலயும் ஏற்கனவே எடுத்துக் குடுத்தேனே."

"பதினேழாம் குழாய்ல ஒரு சந்தேகம்."

"சந்தேகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இத முடிக்க உனக்கு மனசில்ல."

அவன் மறுப்பான் என்றுதான் நினைத்தாள்.

"ஆமா, மனசில்லதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தான்.

லோஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள் காலை மூத்த ஆய்வாளர் கஸ்தூரியின் அறைக்கு நேராகப் போய்விட்டாள்.

"அக்கா, என் வேலைய வேற யார்கிட்டயாவது குடுங்க. ஜோனதன் வேணும்னே இழுத்தடிக்கிறான். நான் போகக்கூடாதுன்னு."

"நீயா நினைச்சுக்கிறியா?"

"அவன் வாயாலயே சொன்னான். மனசில்லன்னு."

கஸ்தூரி நாசி லெமாக் சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"உன் செடி கெடச்சிருச்சு. காலையிலதான் எனக்கு அனுப்பினான். நெதர்லாந்துக்கு நான் எழுதிட்டேன். போய்ப் பெட்டி கட்டு."

இத்தனை மாதம் காத்திருந்த வார்த்தை. துள்ளிக் குதிக்க வேண்டியவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப ஏன் இத்தன நாள்?"

"அம்பது செடியோட இலைய ஒண்ணாச் சேத்து, ஒரு குழாய்ல போட்டுத்தானே படிக்கிறோம். அதுல ஒரே ஒரு செடி மட்டும் மாறியிருந்தா, அது மெஷினோட பிழை மாதிரிதான் மங்கலாத் தெரியும். கம்ப்யூட்டர் பிழைன்னே தள்ளிடுச்சு. ஒண்ணுமே இல்லன்னு ரிசல்ட் போன மாசமே வந்திருச்சு."

"போன மாசமேவா?"

"இவன்தான் அத நம்பல. மறுபடியும் ஓட்டினான். அப்புறம் பதினேழாம் குழாய்ல இருந்த அம்பது செடியையும் தனித்தனியாப் படிச்சு, உன்னோடத எடுத்துக் குடுத்திருக்கான்."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஜோனதனின் இருக்கை காலியாக இருந்தது.

"அவன் எங்க, அக்கா?"

"லீவு. மெர்சிங் கடற்கரைக்குப் போறேன்னு சொன்னான். என்ன வேலைன்னு நான் கேக்கல."

லோஷினி வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். கஸ்தூரி பொட்டலத் தாளை மடித்துக்கொண்டே சொன்னார்:

"அவன் இழுத்தடிக்கவே வேண்டாம், லோஷினி. சும்மா இருந்திருந்தாலே நீ இங்கயேதான் இருந்திருப்ப."